புதுப் பெட்டிக்குள் வைத்த பழைய சீடி

எனக்கு எழுபத்துமூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், ஒரு பக்கம் எழுத ஒரு பகல் போகும். இந்தக் கொப்பியில் இருப்பதை எழுத எனக்கு ஒன்பது நாள் பிடித்தது. வாயால் சொல்ல வராததால் எழுதுகிறேன்.

ஐந்து பிள்ளைகளில் ஒன்றுக்கும் பிறர் பாவித்த உடுப்பை நான் போட்டதில்லை. கஞ்சி குடித்த வருடத்திலும் சித்திரைக்குச் சீத்தைத் துணியாவது புதிதாக வாங்கித் தைத்துப் போட்டேன். ஒரே ஒரு முறைதான் தவறியது. அது கடல் வந்த வருடம். செட்டிபாளையத்தில் எங்கள் வீடு கடலோடு போய், நாங்கள் பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துக் கிடந்தோம். லொறியில் உடுப்புக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டினார்கள். எல்லாம் ஊர் பேர் தெரியாத ஆட்கள் உடுத்துக் கழித்தது. குவியலுக்குக் கிட்டப் போனால் வேர்வை மணந்தது. என் கடைசி மகனுக்கு அப்போது பதினான்கு வயது. அவன் அதற்குள் கை விட்டு ஒரு களிசானை எடுத்துக் காலில் மாட்டினான். பைக்குள் பழைய பஸ் டிக்கட் ஒன்று இருந்தது.

"அம்மா, இதப் போட்ட ஆள் எங்கேயோ பயணம் போயிருக்கான்" என்று சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. சொந்தத் துணி கிடைத்த அன்றே அந்தக் களிசானை அடுப்பில் வைத்தேன். இனி என் பிள்ளையின் உடம்பில் ஒருத்தர் கழித்த சாமான் படாது என்று சொல்லிச் சொல்லி எரித்தேன். டிக்கட்டை அவன் எடுத்து ஒளித்து வைத்திருந்தது எனக்கு வருடக் கணக்காகத் தெரியாது.

எங்கள் ஊர்ப்பக்கம் வீடு பெண்பிள்ளைக்கு. ஆண்பிள்ளை உழைத்து அக்கா தங்கைக்கு வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தனக்குப் பெண் பார்ப்பான். என் கடைசி மகனும் அப்படித்தான். அக்காவுக்கு நாங்கள் கொடுத்த வீடு சுவரும் தகரமுமாக நின்றது. அவன் அரபு நாட்டுக்குப் போனான். தகரம் போய் ஓடு வந்தது, நிலத்துக்கு மாபிள் வந்தது, பின்பக்கம் இரண்டு அறை எழும்பியது. மூன்றாம் மாடிச் சாரத்தில் நின்று வேலை செய்தபோது விழுந்தான். இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அக்காவுக்கென்று கட்டின பின் அறையில் இப்போது அவன்தான் கிடக்கிறான். கொண்டுவந்து ஏழு மாதம். வயது முப்பத்துநான்கு.

அக்கா ஒரு சொல் சுடச் சொல்லவில்லை. மருமகனும் தங்கமானவன். என்றாலும் என் மகன் யன்னலைத் திறக்க விடமாட்டான். சோறு ஊட்டினால் இரண்டு வாய், பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்புவான். ஒரு பகல் நான் அவன் காலைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைப்பது அவனுக்குத் தெரியாது. மேலே பார்த்தபடி சொன்னான்:

"அண்டைக்குக் கடல் என்னக் கொண்டு போயிருக்கலாம் அம்மா."

நான் துணியைப் பிழிந்தேன். அவனுடைய மாத்திரைப் பெட்டியை அன்றைக்கே எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்தேன். சவரக் கத்தியை மருமகனிடம் கொடுத்தேன். அன்றிலிருந்து கிணற்றடியில் நின்றாலும் என் காது அந்த அறையில்தான் நிற்கும்.

அப்போதுதான் அந்தக் கேம் பெட்டி வந்தது. அங்கே அவனோடு ஓர் அறையில் இருந்தவர்கள் ஊருக்கு வந்த ஆளிடம் கொடுத்து அனுப்பியது. ரிவியில் வயரால் பூட்டி விளையாடுவது. வெள்ளிக்கிழமை லீவுக்கு விளையாட எல்லாரும் காசு போட்டு வாங்கினதாம், அவனுடைய பங்கும் அதில் உண்டாம். ஆகையால் அது அவனுடைய சாமான், பிறர் கழித்தது இல்லை. அப்படி எனக்கு நானே சொல்லி அதைத் துடைத்து எடுத்தேன்.

மகளின் மகளுக்குப் பதின்மூன்று வயது. அவள்தான் ரிவியை மாமாவின் அறைக்குத் தூக்கிப் போய்ப் பூட்டினாள். நான் கதவடியில் நின்று கேட்டேன்.

"மாமா, இதுக்குள்ள உங்கட பேரில ஒண்டு கிடக்கு. திறக்குதில்ல."

"அது நான் பாதியில விட்ட கேம் புள்ள. சீடி இல்லாமத் திறக்காது. சீடி வேற ஆளுட. அவன் தன்ட நாட்டுக்குக் கொண்டு போயிட்டான்."

"பாதியிலயெண்டா, இப்ப என்ன நடக்குது அதுக்குள்ள?"

"ஒண்டும் நடக்கல்ல. குதிரையோட ஒருத்தன் ஆத்தங்கரையில நிக்கான். நான் விழுந்ததுக்கு முதல் நாள் அதிலதான் விட்ட நான்." ரிவிப் பக்கம் முகத்தைத் திருப்பினான். "சீடி கிடைச்சா நல்லம்."

ஏழு மாதத்தில் அவன் வேண்டும் என்று சொன்ன முதல் சாமான் அது. எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. என்னுடைய இரண்டு ஆட்டையும் குருக்கள்மடத்து யாவாரிக்கு விற்றேன். பெயரைப் பேத்தியிடம் கடுதாசியில் எழுதி வாங்கிக்கொண்டு மட்டக்களப்புக்கு பஸ் ஏறினேன்.

கேம் விற்கிற கடையில் தாடி வைத்த ஒரு பொடியன் இருந்தான். கடுதாசியைப் பார்த்துவிட்டு இரண்டு பெட்டியை எடுத்து வைத்தான்.

"ஆச்சி, இது புதுசு, சீல் உடைக்காதது. மத்தது ஒரு ஆள் விளையாடிப்போட்டுத் தந்தது. கீறல் இல்ல. விலை மூண்டிலொண்டு. உள்ளுக்கிருக்கிற கேம் ரெண்டும் ஒண்டுதான்."

"ஒண்டெண்டா ஏன் தம்பி விலை ரெண்டு?"

"புதுசு புதுசுதானே ஆச்சி."

"அப்ப ஒண்டில்ல. புதுசத் தா. ஆக்கள் துப்பின பாக்க எண்ட புள்ள மெல்ல மாட்டான்."

கடையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்துக்கொண்டு சுற்றித் தந்தான். "பிழை ஏதுமெண்டா ஒரு கிழமைக்குள்ள கொண்டாங்க, மாத்தித் தருவன். சீடியில கை மட்டும் படாமப் பாத்துக்கொள்ளுங்க."

எனக்கா சொல்கிறாய் என்று நினைத்தேன்.

திரும்பி வருகிறபோது எங்கள் வாசலில் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் களுதாவளைக்குப் போய், சீடிப் பெட்டியைப் பிள்ளையாரின் காலடியில் வைக்கக் கொடுத்தேன். புதுச் சைக்கிளையும் புது மண்வெட்டியையும் அங்கே வைத்து எடுத்துத்தான் பாவிப்போம். இதற்கு மட்டும் வைக்காமல் விடுவேனா? ஐயர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னம்மா?"

"மகனுக்கு மருந்து ஐயா."

சந்தனமும் குங்குமமும் இலையில் மடித்துத் தந்தார்.

வீட்டில் மகள் தையல் வேலைக்குப் போயிருந்தாள். பேத்தி பள்ளிக்கூடம். அவன் நித்திரை. நான் குசினி வாசலில் குந்தி, பாக்குவெட்டியால் பெட்டியின் மேலுறையைக் கீறித் திறந்தேன். சீடியின் ஒரு பக்கம் படம் போட்டிருந்தது. துவக்கை நீட்டியபடி ஒரு முரடன். அவனுக்குப் போய்க் கோயில் சந்தனம் வைப்பதா? மற்றப் பக்கம் கண்ணாடி மாதிரி என் முகம் தெரிந்தது. அதுதான் அதன் முகம் என்று எண்ணினேன். நல்ல பெரிய பொட்டாக ஒன்று, அதன் நடுவில் குங்குமம்.

சந்தனம் காய்ந்ததும் ஒரு பயம் வந்தது. உதிர்ந்து கேம் பெட்டிக்குள் போனால்? சீலைத் தலைப்பை நனைத்துத் துடைத்தேன். குங்குமம் இழுபட்டு முழுக்கச் சிவந்தது. இன்னும் துடைத்தேன். மங்கிப் போனது. என் கைக்கு ஒரு பழக்கம் உண்டு, மங்கினதைக் கண்டால் பொறுக்காது. அடுப்புச் சாம்பலை அரித்து எடுத்து, குத்துவிளக்குத் துலக்குகிற மாதிரி வட்டம் வட்டமாகத் துலக்கிக் கழுவித் துணியால் ஒற்றினேன். பளிச்சென்று இருந்தது. வாங்கினதிலும் புதிதாக்கிவிட்டேன் என்று சந்தோசப்பட்டேன்.

பின்னேரம் பேத்தி சீடியை உள்ளே தள்ளினாள். கேம் பெட்டி உறுமியது, பிறகு சீடியைத் துப்பியது. மூன்று தரம் தள்ளினாள், மூன்று தரமும் துப்பியது. மகன் கையை நீட்டி வாங்கி வெளிச்சத்தில் பிடித்தான்.

"முழுக்கக் கீறல். அம்மா, பழசப் புதுப் பெட்டிக்குள்ள போட்டு உங்கள ஏமாத்திப்போட்டானுகள்."

நான் சாம்பல் படிந்த நகத்தைச் சீலைக்குள் மறைத்தேன்.

"நீங்கதானே திறந்த? திறக்கக்குள்ள இப்பிடியா இருந்தது?"

எழுபத்துமூன்று வயதில், பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: "ஓம் மனே. இப்பிடித்தான் இருந்தது."

அவன் சீடியை நெஞ்சில் வைத்துக்கொண்டான். "விடுங்க. எனக்கெண்டு வாற எல்லாம் உடைஞ்சுதான் வரும்" என்றான். அத்தோடு சுவர்ப் பக்கம் திரும்பினான். அன்றைக்கு இரண்டு வாய்ச் சோறும் இல்லை. அடுத்த நாள் தேத்தண்ணி மட்டும். மூன்றாம் நாள் அதுவும் வேண்டாம் என்றான். மருமகன் தாதி ஒருவரைக் கூட்டிவந்து கையில் சேலைன் ஏற்ற வேண்டி வந்தது. தாதி என்னை வெளியே கூப்பிட்டு, "ஆச்சி, ஆளத் தனிய விடாதீங்க" என்றார். நான் விட்டதே இல்லை. ஆனால் பக்கத்தில் இருந்தும் என்ன? கெடுத்தது என் கை. நான் ஊட்டினால் அவன் எப்படி வாங்குவான்?

நான்காம் நாள் மறுபடியும் பட்டினத்துக்குப் போனேன். கடைப் பொடியன் சீடியைப் பிடித்துப் பார்த்தான். பிறகு பெட்டியை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான்.

"ஆச்சி, பெட்டிக்குள்ள சந்தன மணம் அடிக்குது."

எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். சொந்தப் பிள்ளைக்குச் சொல்லாததை யாரோ ஒருவனுக்குச் சொல்ல முடிந்தது. அவன் சிரிக்கவில்லை. சீடியில் பற்பசை பூசித் தேய்த்துத் தன்னுடைய கேம் பெட்டியில் போட்டுப் பார்த்தான். அதுவும் துப்பியது.

"இத மாத்தித் தர ஏலாது ஆச்சி. கம்பனிக்கு என்னெண்டு சொல்ற?"

"அப்ப அந்தப் பழசத் தா."

"அது முந்தநாள் போயிட்டுதே. புதுசும் கொழும்பிலயிருந்து வர ஒரு மாசம் செல்லும்."

"ஒரு மாசத்தில எண்ட புள்ள இருக்க மாட்டான் தம்பி."

நான் யாரிடமும் கெஞ்சினவள் இல்லை. நிவாரண வரிசையில்கூட நிமிர்ந்து நின்றவள். அன்று அந்தக் கடைப் படியில் குந்திவிட்டேன். அவன் தண்ணீர் கொண்டுவந்து தந்தான். பிறகு போனை எடுத்து இரண்டு மூன்று பேருடன் பேசினான். காத்தான்குடியில் ஒரு வீட்டில் அந்தக் கேம் விற்க இருக்கிறது என்று சொல்லி, இடத்தை எழுதித் தந்தான். "பாவிச்சதுதான் ஆச்சி" என்றான், மெல்ல. நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

அன்றிரவே பேத்திக்குச் சந்தனக் கதையைச் சொன்னேன், இடம் தேட அவள் வேண்டும். அடுத்த நாள் சனிக்கிழமை, இரண்டு பேரும் போனோம். கைக்குழந்தையோடு, முக்காடு போட்ட ஒரு இளம் பிள்ளை கதவைத் திறந்தாள்.

"வாங்க உம்மா, இரிங்க. அவரு சவூதிக்குத் திரும்பிப் போயிட்டாரு. இனி வந்து வெளாட எங்க நேரம்? வித்துப்போடச் சென்னாரு."

பெட்டியைத் தந்தாள். மூலை உடைந்து, படத்தில் தேத்தண்ணிக் கறை. நான் திறந்து, சீடியை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்துச் சரித்துப் பார்த்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"உம்மா புடிக்கிற சீரப் பாத்தா நீங்களும் வெளாடுற ஆள் போலக் கிடக்கு!"

"ஒரு தரம் விளையாடித் தோத்துட்டன் மகள்" என்றேன்.

பஸ்ஸில் நான் செய்ததைத்தான் எழுதக் கை கூசுகிறது. கையோடு கொண்டுபோயிருந்த புதுப் பெட்டியைத் திறந்து, அந்தப் பழைய சீடியை அதற்குள் வைத்தேன். பேத்தி என்னையே பார்த்தாள்.

"அம்மம்மா, கடைக்காரன் செஞ்சதெண்டு மாமா சொன்ன களவ இப்ப நீங்க செய்றீங்க."

"வாய மூடிக்கொண்டு வா கா."

கடையில் சண்டை பிடித்து மாற்றி வந்தேன் என்று மகனுக்குச் சொன்னேன். பெட்டி உறுமியது, துப்பவில்லை. ரிவியில் மலை வந்தது, ஆறு வந்தது, ஆற்றங்கரையில் குதிரையோடு ஒருத்தன் நின்றான். என் மகன் அவனை ஒரு அடி நடக்க வைத்தான். இன்னும் ஒரு அடி. பிறகு, "யன்னலத் திற புள்ள, ரிவி தெரியட்டும்" என்றான். யன்னலைத் திறந்தால் வெளிச்சத்தில் ரிவி தெரியாது. அது யாருக்கும் தெரியும். அவள் ஓடிப் போய்த் திறந்தாள். நான் குசினிக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு நின்றேன்.

அன்று ஒரு கோப்பைச் சோறு சாப்பிட்டான். போனில் தன் சிநேகிதருக்குச் சொல்லிச் சிரித்தான்: "எங்கட கிழவி பட்டினத்துக் கடைக்காரன உலுக்கி எடுத்திட்டு வந்திருக்கு. தெரியாதா எங்கட அம்மாவ!" அவன் சந்தோசமாகச் சொன்ன ஒரே கதை அது, முழுவதும் பொய். அந்தப் பொடியன் தண்ணீர் தந்த கை எனக்கு முன்னால் வந்து நின்றது.

அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். பொய்யைச் சுமந்துகொண்டே செத்துப் போயிருப்பேன், அதற்கு எனக்குத் தெம்பு உண்டு. ஆனால் அந்த ஆற்றை அவனால் கடக்க முடியவில்லை. ஒரு பாலம் இருக்கிறதாம், ஏறினால் சுடுகிறார்களாம். ஒவ்வொரு தரமும் அறைக்குள்ளிருந்து அவன் குரல் கேட்கும்: "செத்தன்." கொஞ்சம் கழித்து, "திருப்பியும் செத்தன்." விளையாடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று பேத்தி சொன்னாள். நான் ஒவ்வொரு தரமும் கதவடிக்கு ஓடிப் பார்ப்பேன். ஐந்தாம் நாள் ரிமோட்டைக் கட்டிலில் போட்டான். கடக்கிற வழியைப் போனில் தேடிக் காட்டுகிறேன் என்றாள் பேத்தி.

"வேணாம் புள்ள. உலகத்தில எல்லாரும் கடந்திருப்பானுகள். எனக்கு ஏலா."

யன்னல் பூட்டியாயிற்று. மறுபடியும் இரண்டு வாய்.

காத்தான்குடியில் வாங்கின பழைய பெட்டியை நான் அரிசிச் சாக்குக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தேன். அரிசி அள்ளப் போனபோது அது சரிந்து விழுந்து திறந்தது. படத்துக்குப் பின்னால் செருகியிருந்த மடித்த கடுதாசி ஒன்று வெளியே வந்தது. பேனையால் எழுதியிருந்தது, அம்புக்குறி போட்டு, வெட்டி வெட்டி. எழுத்துக் கூட்டி வாசிக்க எனக்கு ஒரு பகல் போனது. கடைசி வரிகள் இவை:

"ஆறு. பாலத்தால போகாத. குதிரைய அவுத்து விடு. கீழ தண்ணி குறைஞ்ச எடம் இரிக்கு. அதால போ. நான் இதில பதினேழு தரம் செத்த. பதினெட்டாம் தரம் போன."

இரண்டு தரம் வாசித்தேன். அந்தக் களிசான் பைக்குள் இருந்த பஸ் டிக்கட் நினைவு வந்தது. புதுப் பெட்டிக்குள் இப்படி ஒரு கடுதாசி இருந்திருக்காது. அங்கே யாரும் நமக்கு முன்னால் போய் வந்திருக்க மாட்டார்கள்.

உடனே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்தானே என்று கேட்பீர்கள். கொடுத்தால், இது எங்கிருந்து வந்தது என்று கேட்பான். பழைய சீடி என்று தெரியும். கடைச் சண்டை பொய் என்று தெரியும். பிறகு சந்தனம், சாம்பல். அவன் சிரித்த ஒரே கதையையும் நான் பிடுங்க வேண்டி வரும். அதுதான் அவனைத் தாங்கிக்கொண்டிருந்தது என்றால்? கொடுக்காமல் விட்டால் அவன் கரையிலேயே கிடப்பான். கதவடி வரை போய்ப் போய்த் திரும்பினேன். என் வாய் என்றைக்கும் தோற்றதைச் சொல்லிப் பழகாத வாய். அதுதான் கொப்பியை எடுத்தேன். இந்த ஒன்பது நாளும் மாத்திரைப் பெட்டி என் தலையணைக்குள்தான் இருக்கிறது, இப்போதும். சொல்வதா, சொல்லாமல் விடுவதா, எது பிழையாய்ப் போகும் என்று எனக்குத் தெரியாது.

புள்ள, இங்க வா. கைய கழுவினதா? இந்தா கொப்பி. மாமாட அறைக் கதவ நல்லா அகலத் திற. கதிரையப் போட்டு அவன் காலடியில இரு, அவன் முகம் சுவரில இருந்தாலும் காது இஞ்சாலதான். உரத்து வாசி. சந்தனம் எண்டு வாற இடத்தில நிப்பாட்டிப்போட்டு என்னத் திரும்பிப் பாக்காத. எழுத்துப் பிழையச் சொல்லிச் சிரிக்காத. வாசிச்சு முடிய இந்தக் கடுதாசிய அவன்ட கையில வை. நான் குசினிக்குள்ள நிக்கன், அடுப்புப் பத்த வைக்க மாட்டன், சத்தம் கேக்க வேணும். எனக்கு எழுபத்துமூன்று வயது எண்டு தொடங்குது. அதிலயிருந்து வாசி.